வண்டி எப்ப ஹீட்டாவுது?

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து மெக்கானிக் ஷெட்டுகளில் மே மாதம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரே பேச்சுதான் திரும்பத் திரும்பக் காதில் விழும். “பாய், வண்டி ஹீட்டாவுது, இன்னான்னு பாருங்க.” அனுபவமுள்ள மெக்கானிக் பானட்டைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: “எப்ப ஹீட்டாவுது?” பலரிடம் இதற்குப் பதில் இருக்காது. “ஓட்டும்போதுதான் பாய்” என்பார்கள். செலவு ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான். எப்போது என்று தெரியாவிட்டால் மெக்கானிக் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். மாற்றிய சாமானுக்கெல்லாம் காசு நம்முடையது.

டீ சொல்லியாகிவிட்டது. ஒரு கிளாஸில் முடிகிற பேச்சில்லை, இன்னொன்றும் சொல்லிக்கொள்வோம். இதைப் பொறுமையாகத் தெரிந்துகொண்டால் ஒரு குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கில் மிச்சமாகும். நடுரோட்டில் பிள்ளைகுட்டிகளோடு நிற்க வேண்டியும் வராது.

நான் பேசுவது வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஊர்களில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய குடும்பக் கார்களைப் பற்றி. டி.என். 23 போர்டு போட்ட மாருதி 800, ஆம்னி, ஜென், எங்காவது ஒரு அம்பாசடர். இவை தினமும் ஓடுகிற வண்டிகள் அல்ல. கல்யாணத்துக்கு எடுப்பார்கள், பெரியவர்களை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எடுப்பார்கள், லீவில் ஒருமுறை ஏலகிரி ஏறுவார்கள். முதல் மாருதி 800 டெல்லியில் 1983 டிசம்பர் 14-இல் கைமாறியது. 2014 ஜனவரி 18-இல் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசடரும் நின்றது. 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 புகை விதி வந்தபோது சென்னை உட்பட 13 நகரங்களில் 800 விற்பனை முடிந்துபோனது. மற்ற ஊர்களில் கடைசி வரை விற்றது. அப்படி வந்த கடைசி வண்டிக்கே இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. பத்து வயதுக்கு மேல் கார் சொல்லாமல் கெட்டுப்போவது அபூர்வம். முன்கூட்டியே சொல்லும், நேரம் பார்த்துச் சொல்லும். அந்த நேரத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

சூட்டில் ஆரம்பிக்கலாம். இந்தப் பக்கம் அதுதான் பெரிய வியாதி. அதற்கு வெயில் மட்டும் காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு. கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும், உண்மைதான். ஆனால் என்ஜினுக்குள் ஓடும் தண்ணீர் எப்போதுமே 80, 90 டிகிரியில்தான் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் கூலிங் சிஸ்டம் 40 டிகிரி வெயிலைத் தாங்கும். தாங்கவில்லை என்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது, கசிகிறது, அல்லது சுற்றவில்லை. நம் ஊரில் அடைப்பதற்கும் அரிப்பதற்கும் முதல் காரணம் நாம் ஊற்றும் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் இப்படி ஆனதற்குக் காரணம் தோல் தொழில். பச்சைத் தோல் கெடாமலிருக்க அதில் உப்பு போட்டுத்தான் தொழிற்சாலைக்கு வரும். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில் இறங்கும். பல பத்தாண்டுகள் அந்தத் தண்ணீர் ஓடைக்கும் ஏரிக்கும் பாலாற்றுக்கும் போய் நிலத்தடியில் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்புகளில் அது ஒன்று. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. ஆலைகளும் வந்தன. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு சீக்கிரம் போகாது. 2025 ஜனவரி 30-ஆம் தேதியும் உச்ச நீதிமன்றம் இதே பாலாறு பற்றி மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்த வட்டாரத்தில் அந்த இரண்டாயிரத்தையும் தாண்டிய கிணறுகளும் போர்வெல்களும் நிறைய. விவசாயம் போனதும், பெண்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததும்தான் இதில் பெரிய இழப்பு. காரின் ரேடியேட்டர் அந்தக் கணக்கில் கடைசி. ஆனாலும் அதே தண்ணீரைத்தான் அதிலும் ஊற்றுகிறோம்.

ரேடியேட்டருக்குள் அந்தத் தண்ணீர் இரண்டு வேலை செய்யும். கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து ஓடு கட்டும். வீட்டு வாட்டர் ஹீட்டர் ராடை வெளியே எடுத்துப் பாருங்கள், வெள்ளையாகப் பிடித்திருப்பது அதுதான். என்ஜினில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் பாதையிலும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அதே ஓடு படிகிறது. உலோகம் சூட்டைக் கடத்தும், இந்த ஓடு கடத்தாது. குழாய் திறந்தே இருந்தாலும் சூடு வெளியே வராமல் நின்றுவிடும். இரண்டாவது, உப்பிலுள்ள குளோரைடு. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு, அரிப்பிலிருந்து அதைக் காப்பது அந்தப் படலம். குளோரைடு அதை ஊசிமுனையளவு துளைத்து உள்ளே இறங்கும். மாருதியின் ஹெட் அலுமினியம், பின்னால் வந்த ரேடியேட்டர்களும் அலுமினியம். ஹெட் கழற்றி வைத்திருக்கும்போது ஷெட்டுக்குப் போனால் தண்ணீர் துவாரங்களின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். கறையான் அரித்த மரம் போலச் சொரசொரப்பாக, குழிகுழியாக இருக்கும். கேஸ்கட் அங்கே எப்படி உட்காரும்? லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்து சமப்படுத்தலாம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

“நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு?” என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். பனியில் உறையாமல் காப்பது கூலண்ட் செய்யும் வேலைகளில் ஒன்று மட்டுமே. அரிப்பைத் தடுக்கும் மருந்து அதில் கலந்திருக்கிறது, கொதிநிலையையும் அது உயர்த்தும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே விற்கும் கூலண்ட். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது போதும். ஆர்.ஓ. தண்ணீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல், என்றாலும் அது டிஸ்டில்டு வாட்டர் ஆகிவிடாது. பேட்டரிக்குக் கட்டாயம் டிஸ்டில்டு வாட்டர்தான்.

இனி “எப்ப?” என்ற கேள்விக்கு வருவோம்.

வேலூரில் காட்பாடி சாலை நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஹைவேயில் ஏறி ஐந்து நிமிஷத்தில் இறங்குகிறது. இப்படியென்றால் தண்ணீர் ஓட்டம் சரியாக இருக்கிறது, நிற்கும்போது காற்றுதான் போதவில்லை. ஃபேனைப் பாருங்கள். மாருதியில் அது கரண்டில் ஓடுவது. தண்ணீர் 90 டிகிரியைத் தாண்டியதும் ஸ்விட்ச் தானாகப் போட்டு, ஆறியதும் அணைக்கும். வண்டியை நிறுத்தி என்ஜினை ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் சுற்றுகிறதா என்று கவனித்தால் போதும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச், மோட்டார் என்று வரிசையாகப் போகலாம். பெரும்பாலும் சின்னச் செலவில் முடியும். ரேடியேட்டரை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

நெரிசலில் ஒன்றுமில்லை, ஹைவேயில் எண்பதில் போகும்போதும் மேட்டிலும் ஏறுகிறது என்றால் கதை நேர் எதிர். காற்று போதுமான அளவு அடிக்கிறது, தண்ணீரின் ஓட்டமோ சூட்டைக் கைமாற்றுவதோ குறைந்திருக்கிறது. ரேடியேட்டர் குழாய் அடைப்பு, வால்வு திறக்காத தெர்மோஸ்டாட், இறக்கை அரித்துப்போன வாட்டர் பம்ப், இம்மூன்றில் ஒன்று. என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் முன்பக்கத்தை, கண்ணிப் பின்னலில் கை படாமல், உள்ளங்கையை அருகில் காட்டியே சோதிக்கலாம். ஓரிடம் அனலாகவும் இன்னோரிடம் ஆறியும் இருந்தால் அந்த ஆறிய இடத்தில் அடைப்பு. ஃபேன் எந்த நொடியும் சுற்றத் தொடங்கலாம், அதன் பக்கம் கை போகவே கூடாது. பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் தொட்டியைப் பிரித்து, ராடு விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்து, ஈயம் வைத்து மூடித் தரும் கைகாரர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் அந்த வேலை செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

தெர்மோஸ்டாட் பற்றி ஒரு வார்த்தை. வண்டி சூடானால் அதைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அது 80 டிகிரியை ஒட்டித் திறக்கும் சின்ன வால்வு. என்ஜின் சீக்கிரம் சூடேறி, சரியான சூட்டிலேயே நிற்பது அதனால்தான். அதை எடுத்துவிட்டால் காலையில் என்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேய்மானம் ஏறும். சந்தேகம் என்றால் கழற்றி ஒரு பாத்திரத்தில் வெந்நீரில் போட்டு அடுப்பில் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் கொதிப்பதற்குள் வாய் திறக்க வேண்டும். திறக்கவில்லையென்றால் புதிதாக ஒன்று போடுங்கள், பெரிய விலை இல்லை.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைக்கக் கூடாது. அது சிஸ்டத்துக்குள் ஏறக்குறைய 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் 100 டிகிரியிலேயே பொங்கிவிடும். மூடியின் அடியில் நடுவே இன்னொரு குட்டி வால்வு உண்டு. என்ஜின் ஆறும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வது அந்த வால்வு வழியாகத்தான். அது ஒட்டிப்போனால் டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். டப்பாவை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்கள் ஹைவேயில் நிற்பது இப்படித்தான். காலையில், ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் மட்டும் மூடியைத் திறங்கள். நீர் வாய்வரை நிற்க வேண்டும். பச்சையோ சிவப்போ கூலண்ட் நிறம் தெரிந்தால் நல்லது. செம்மண் நிறம் என்றால் உள்ளே துரு. வாயைச் சுற்றி வெள்ளைப் பொறுக்கு என்றால் போர் தண்ணீர். மேலே எண்ணெய் படலம் மிதந்தால் அன்றே மெக்கானிக்கைப் பாருங்கள். நடு வால்வை நகத்தால் இழுத்து விடுங்கள், டக்கென்று திரும்பி ஒட்ட வேண்டும்.

எங்கேயும் ஒழுகவில்லை, தரையில் சொட்டு இல்லை, ஆனாலும் வாரம் ஒருமுறை தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் நாலைந்து குமிழி வந்து அடங்கினால் அது உள்ளே தங்கிய காற்று. நிற்காமல் குமிழி வந்து, ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் தண்ணீர் துள்ளினால் சிலிண்டர் காற்று தண்ணீர் பாதைக்குள் கலக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளிர் பழுப்பில் கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம். ஆனால் இதில் அவசரப்படக் கூடாது. பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் ஆவியாகாமல் மூடியில் மட்டும் அப்படித் தங்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதிலும் அதே நிறம் இருந்தால்தான் ஹெட் இறக்கும் பேச்சு.

நடுவழியில் சூடானால் ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டரை முழுசாகத் திறந்து விடுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் என்ஜின் சூட்டில் ஒரு பங்கு அதன் வழியாக வெளியேறும். ஓரம் கட்டுங்கள். ஆவி பீறிட்டால் உடனே என்ஜினை அணையுங்கள். முள் சிவப்புக்குப் போய்த் திடீரென்று கீழே விழுந்தால் வண்டி ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். தண்ணீர் முழுக்கப் போய், சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் இறங்கும். அதற்குமேல் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் ஹெட் வளைந்துவிடும். குறைந்தது அரைமணி நேரம் காத்திருங்கள். பிறகும் தடித்த துணியைப் போட்டு, மூடியை முதல் பிடி வரை மட்டும் திருப்பி, அழுத்தம் இறங்கிய பிறகே திறக்க வேண்டும். முகம் தள்ளி இருக்கட்டும். வெந்த என்ஜினில் பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும். என்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். டோல்கேட் கடையில் கிடைக்கும் பாட்டில் தண்ணீர் போதும். போர் தண்ணீர்தான் கிடைத்தது என்றால் அதையே ஊற்றி ஊர் சேருங்கள், சேர்ந்ததும் இறக்கிக் கழுவிவிட்டுக் கூலண்ட் போடுங்கள்.

சூட்டுக்கு இவ்வளவு சொன்னது போதும். இன்னொரு டீ வரட்டும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கும் கேள்வி அதுதான். காலையிலா, மத்தியானமா? காலையில் செல்ஃப் எடுக்காமல் ‘டிக் டிக்’ என்றால் பேட்டரி பக்கம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் மங்கி அணைந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பொடி பூத்திருக்கிறது. வெளிச்சம் அப்படியே இருந்து ஒன்றுமே நடக்கவில்லையென்றால் செல்ஃப் மோட்டார், அதன் சுவிட்ச், அதற்குப் போகும் ஒயர். மீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் வர வேண்டும். வரவில்லையென்றால் குற்றவாளி டைனமோ என்று நாம் சொல்லும் ஆல்டர்நேட்டரோ பெல்ட்டோ, பேட்டரி அல்ல. புது பேட்டரி வாங்கிப் போட்டு ஒரு வாரத்தில் அதுவும் இறங்கிப்போன வீடுகள் எத்தனையோ.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, மத்தியான வெயிலில் நிறுத்தி எடுத்தால் மட்டும் பிடிக்கவில்லை, அரைமணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது என்றால் கார்புரேட்டர் வண்டிகளில் இரண்டு காரணம். என்ஜின் அனலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைப்பது ஒன்று. அம்பாசடர் ஓட்டியவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றியது அதற்காகத்தான். சூட்டில் காயில் அல்லது கண்டென்சர் மடக்கிக்கொள்வது இன்னொன்று. எது என்று பிரிக்க எளிய வழி, கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றுவது. நுனி நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. பொறி பக்கம் தேடவா, பெட்ரோல் பக்கம் தேடவா என்பது இதிலேயே முடிவாகிவிடும்.

மிஸ்ஸிங்குக்கும் கார்புரேட்டர் மாருதி 800-இல் அருமையான வழி ஒன்று உண்டு. அதற்கு மூன்றே சிலிண்டர், 796 சிசி. வண்டி ஓய்வில் ஓடும்போது மெக்கானிக் இன்சுலேட்டட் பிளையரால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டுவார். நல்ல சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் என்ஜின் தடுமாறும். எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் ஏற்கெனவே வேலை செய்யாமல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு காதால் கண்டுபிடிக்கும் இந்த வேலையைப் பார்ப்பதே ஒரு பாடம். கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இதைச் செய்ய வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்ஸருக்குப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், இக்னிஷன் மின்னணுவும் போகலாம். அதற்கு ஸ்கேனர் இருக்கிறது.

பெட்ரோல் பற்றிப் பழைய வண்டிக்காரர்கள் இப்போது கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் எத்தனால். 2023-இல் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று பங்க்குகளில் வருகிறது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். அதைப் பழுது என்று நினைத்து என்ஜினைக் கிளற வேண்டாம். ஆனால் பழைய ரப்பர் ஹோஸும் கார்புரேட்டர் கேஸ்கட்டும் இதற்காகச் செய்தவை அல்ல. ஊறி உப்பும், வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கலாம். பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை அடித்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்த ஒரு செலவைத் தள்ளிப்போடக் கூடாது, தீப்பிடித்தால் பேச ஒன்றுமில்லை.

புகையிலும் நேரம்தான் பேசும். காலையில் ஸ்டார்ட் செய்த உடன் ஒரு கொத்து நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல், ராத்திரி முழுக்க ஆயில் சொட்டி உள்ளே இறங்கியிருக்கிறது. ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க நீலமாக வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. இரண்டையும் “ஆயில் அடிக்குது” என்றுதான் சொல்வோம். முன்னது சின்ன வேலை, பின்னது என்ஜின் பிரிக்கும் வேலை. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை மேலே சொன்ன ஹெட் கேஸ்கட்.

சத்தங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் ‘கட கட’ என்றால் ஆக்ஸில் ஜாயின்ட், அதன் ரப்பர் பூட் கிழிந்து மண் போயிருக்கும். வேகத்தோடு ஏறும் ‘உம்ம்’ என்ற சத்தம், வளைவில் மாறினால் வீல் பேரிங். ஸ்பீட் பிரேக்கரில் மட்டும் ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயின்ட். எண்பதில் மட்டும் ஸ்டியரிங் ஆடினால் வீல் பேலன்ஸ். சிவப்பு ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் சத்தத்துக்குக் காத்திருக்கவே வேண்டாம், அங்கேயே அணைத்துவிடுங்கள்.

பிரேக்குக்கு வருவோம். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கிளட்ச் நழுவினால் தெரிந்துவிடும், என்ஜின் கத்தும், வண்டி நகராது. பிரேக்கின் குணம் இறங்கும்போதுதான் தெரியும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்தத் தரம் 140-ஆக இறங்கிவிடுகிறது. பாதி மலையில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதித்த கால் சும்மா தரை வரை போகும். வீட்டில் சரியாக இருந்த பிரேக், மலையடிவாரத்துப் பொன்னேரி நோக்கிய இறக்கத்தில் கைவிடுவது இதனால்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். சிக்னலில் மிதித்துக்கொண்டே நிற்கும்போது பெடல் மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டர். ஸ்பாஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று. பிரேக் பிடித்ததும் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைப் பார்த்துவிட்டு, பிறகு வீல் சிலிண்டர் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

பதினைந்து வருஷம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும்: இன்னும் வைத்துக்கொள்ளலாமா? என்ஜின் நிலையை வைத்து இதை முடிவு செய்வது தவறு. என்ஜினையும் கியர்பாக்ஸையும் சரிசெய்துவிடலாம். வண்டியை லிஃப்டில் ஏற்றி, மெக்கானிக்கிடம் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரட் உட்காரும் தகடு, லோயர் ஆர்ம் மாட்டும் இடம், பின் ஆக்ஸில் பிடிக்கும் இடம், பிரேக் பைப் போகும் வழி, இந்த நான்கையும் பார்த்தால் போதும். தகடு டணார் என்று சொன்னால் செலவழித்து ஓட்டுங்கள், தாராளமாக இன்னும் பல வருஷம் வரும். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால், அப்பா வாங்கிய வண்டியாகவே இருந்தாலும், அதில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.